17 சதவீதம் என்று எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நெல்லுக்கான தர அளவுகளை வகுக்கும் ஒன்றிய உணவுத் துறை அதிகாரிகளுக்கு இதை எழுதுகிறேன். அந்த அளவுகளை வைத்துக் கொள்முதல் நடத்தும் மாநில அதிகாரிகளும், புது ரகம் உருவாக்கும் விஞ்ஞானிகளும் கூடவே படித்தால் நல்லது. நான் திருவாரூர் மாவட்டத்தில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில், மூன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். குறுவை, சம்பா இரண்டும் போடுகிறோம்; தண்ணீர் வராத வருஷம் சம்பா மட்டும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்னமும் அறுப்பு என்றால் களத்துக்கு வந்துவிடுவார்.

நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அம்மா ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். கொள்முதல் நிலையத்தில் அதே வேலையை ஒரு சின்ன மீட்டர் செய்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே காட்டினால் நெல்லைத் திரும்பக் கொட்டிக் காயவைக்க வேண்டும். போன குறுவையில் அம்மா கடித்துப் பார்த்து "இன்னிக்கு ஏத்திடலாம்" என்று சொன்ன நெல்லை ஏற்றிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் நிறையக் குவியல்கள். இரண்டாவது நாள் இரவு நல்ல மழை. தார்ப்பாய் போட்டு மூடியும் அடியில் தண்ணீர் ஓடிவிட்டது. என் முறை வந்தபோது மீட்டர் 21 காட்டியது. அப்புறம் நான்கு நாள் வெயிலே இல்லை. குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டால் வெதுவெதுவென்று சூடாக இருந்தது. நெல் போட்டவர்களுக்கு அந்தச் சூடு என்னவென்று தெரியும், அடிவயிற்றைக் கலக்கிவிடும். உள்ளே மணி மூச்சுவிடத் தொடங்கிவிட்டது, இன்னும் ஓரிரு நாளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். அங்கே நின்ற ஊழியர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் இருந்தது நீங்கள் எழுதிக் கொடுத்த தாள்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எங்கள் ஊரில் சின்னப் பையன்களுக்குக்கூடத் தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் கூடாது. முதிராத, சுருங்கிய நெல் 3 சதவீதம். கறுத்தது, முளைத்தது, வண்டு அரித்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதம். ஒரு காலத்தில் இது நியாயமான அளவாகவே இருந்தது. இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, சம்பா அறுக்கும் நேரத்தில் கொட்டிய மழையில் கதிரிலேயே நெல் முளைத்தது. 2022 குறுவைக்கு 19 சதவீதம் வரை வாங்கலாம் என்று தளர்த்தினீர்கள். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடி மழை, மாநிலம் உங்களுக்குக் கடிதம் எழுதியது, உங்கள் குழு வந்து வயலைப் பார்த்தது, 20 சதவீதம் வரை வாங்கலாம் என்று உத்தரவு வந்தது. சுருங்கிய நெல்லுக்கும் கறுத்த நெல்லுக்கும்கூட அளவைக் கொஞ்சம் கூட்டினீர்கள். 2025 குறுவையில் 22 கேட்டு மறுபடி கடிதம், மறுபடி குழு, மறுபடி சோதனைக்குப் பையில் நெல் மாதிரி.

தளர்வு கொடுத்ததற்கு நன்றி சொல்கிறேன், மனதார. ஆனால் 2023-ல் மழை பெய்ததற்கும் உத்தரவு வந்ததற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஓடிவிட்டது. நனைந்த நெல் இரண்டு வாரம் காத்திருக்காது. உத்தரவு வரும்போது வசதி உள்ளவர் வீட்டில் நெல் இருக்கும்; கடன் வாங்கி நட்டவர் அதற்குள் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்திருப்பார். குழு வந்து எடுத்துப்போகும் மாதிரியில் அவருடைய நெல் இருக்காது.

நீங்கள் கேட்கலாம், மழைக்கு முன்னால் அறுத்து நன்றாகக் காயவைக்க வேண்டியதுதானே என்று. அம்மா காலத்தில் கையால் அறுத்து, அரியரியாகப் போட்டு, வயலிலேயே இரண்டு நாள் காய்ந்த பிறகுதான் கட்டுக் கட்டிக் களத்துக்கு வரும். நெல்லின் ஈரத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். இப்போது அறுப்புக்கு ஆள் இல்லை, செயின் வண்டி என்கிற அறுவடை இயந்திரம்தான். அறுத்த பத்தாவது நிமிஷம் நெல் டிராக்டர் பெட்டியில் இருக்கிறது, அப்போது ஈரம் 20, 22 சுலபமாக இருக்கும். அதற்கு மேல் வெயிலை நம்பித்தான் எல்லாமே. குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் விழுகிறது, வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்பது இயற்பியல், அதனால்தான் பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது.

இதில் வெளியே தெரியாத ஒரு சேதம் இருக்கிறது. காய்ந்த நெல் மறுபடி நனைந்தால், மணியின் வெளிப்பக்கம் ஈரத்தைக் குடித்து உப்பும், உள்பக்கம் அப்படியே இருக்கும், அந்த இழுபறியில் குறுக்கே மயிரிழை மாதிரி விரிசல் விழும். மேலே உமி மூடியிருப்பதால் யாருக்கும் தெரியாது. திரும்பக் காயவைத்து மீட்டரில் 16 காட்டினால் நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள், தாள்படி அது நல்ல நெல். மில்லில் போனதும் இரண்டாக ஒடியும். ஆக, நனைந்ததைக் காயவை, காயவை என்று நாலு தடவை திருப்பி அனுப்புவதாலேயே குருணை கூடுகிறது. ஈரத்தை மட்டும் அளக்கிற விதி அரிசியைக் காப்பாற்றவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் கொள்முதல் ஆகும் நெல்லில் பெரும்பகுதி புழுங்கல் அரிசியாகத்தான் போகிறது. புழுக்கும் மில்லில் முதல் வேலையே நெல்லைத் தண்ணீரில் ஊறவைப்பது! ஊறிய நெல்லில் ஈரம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அதை ஆவியில் வேகவைத்து, உலர்த்தியில் போட்டு 14-க்குக் கொண்டுவருகிறார்கள். 30-ஐ இறக்கத் தெரிந்த ஊரில் 21 ஒரு பிரச்சினையே இல்லை. வெட்டவெளியில் கிடக்கும் நாட்கள்தான் பிரச்சினை. ஈர நெல்லை அன்றைக்கே மில்லுக்கோ உலர்த்திக்கோ அனுப்பிவிட்டால் முளைக்க நேரமே இருக்காது.

சரி, மழை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, தொலைக்காட்சியில் வருகிறது. யாரும் பேசாதது வெப்பம், அதிலும் இரவு வெப்பம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்காக வீட்டு நெல்லில் ஒரு மூட்டையைப் பச்சரிசியாக அரைத்தோம். அது மழையில் நனையாத நெல், ஆவணியில் பால் பிடித்து, வெயிலில் நன்றாகக் காய்ந்தது. அப்படியும் முறத்தில் புடைத்தால் நொய்யும் குருணையும் குவிந்தது. அம்மாவுக்கு மில்காரர் மேல் கோபம். நான் அரைக்காத நெல்லில் கொஞ்சம் எடுத்து நகத்தால் உரித்து, செல்போன் டார்ச்சின் மேல் வைத்துப் பார்த்தேன். நல்ல அரிசி கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை விடும். இதில் ஒன்று விட்டு ஒன்று வயிற்றுப் பக்கம் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளையாக, வெளிச்சம் போகாமல் இருந்தது. விரல் நகத்தால் அழுத்தினாலே அந்த இடத்தில் பொடிந்தது.

காரணம் இதுதான். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் மாவுச்சத்து மணிக்குள் நெருக்கமாக, இடைவெளியில்லாமல் அடுக்கப்பட வேண்டும். அதற்கு நாள் வேண்டும், அளவான சூடு வேண்டும். சூடு கூடினால் மணி அவசரமாக முதிர்கிறது, மாவுத் துகள்கள் தளர்வாக உட்காருகின்றன, நடுவில் காற்று இடைவெளி. அந்த இடம்தான் வெள்ளையாகத் தெரிகிறது, மில்லில் உடைவதும் அங்கேதான். இரவிலும் சூடு குறையாவிட்டால், பகலில் இலை சேர்த்த சர்க்கரையைப் பயிர் மூச்சுவிட்டே செலவழித்துவிடும். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் எடுத்த கணக்கு 2004-ல் வந்தது: பயிர்க் காலத்தின் சராசரி இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது. விளைச்சல் குறைந்தால் எடையில் தெரிந்துவிடும். தரம் குறைந்தது எடையில் தெரியாது, மீட்டரிலும் தெரியாது.

நம் ஊரில் இது இத்தனை நாள் வெளியே வராததற்கும் புழுங்கல்தான் காரணம் என்று நினைக்கிறேன். புழுக்கும்போது மாவு வெந்து இறுகி அந்த வெள்ளைப் புள்ளி மறைந்துவிடும், உடைவதும் குறையும். முன்னோர் கண்டுபிடித்த அருமையான வழி அது, தவிட்டில் இருக்கும் வைட்டமினைக் கொஞ்சம் உள்ளே இறக்குவதும் அதுதான். ஆனால் அது மறைப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சுருங்கிய மணியைப் புழுக்கி ஒன்றும் நிமிர்த்த முடியாது.

புழுக்காமல் சாப்பிடுகிற ஜப்பானில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2023 கோடை அங்கே அதுவரையிலான பதிவிலேயே மிக வெப்பமானது. நெல்லுக்குப் பேர் போன நீகாத்தா மாகாணத்தில், அவர்கள் உயிராக நினைக்கும் கோஷிஹிகாரி ரகம், அந்த வருஷம் சுமார் 5 சதவீதம்தான் முதல் தரத்தில் தேறியது. சாதாரணமாகப் பெரும்பகுதி முதல் தரத்தில் வரும் ரகம் அது. அதே மாகாணத்தில் வெப்பத்தைத் தாங்குவதற்காக உருவாக்கிய ஷின்னோசுகே ரகம் அந்த வெயிலிலும் முதல் தரத்தில் நின்றது. அடுத்த ஆண்டு, 2024 கோடையில், ஜப்பான் கடைகளில் அரிசி அலமாரிகள் காலியாகக் கிடந்தன. பல காரணங்களில் ஒன்று, 2023 நெல்லைத் தீட்டியபோது முழு அரிசி குறைவாகத் தேறியது.

நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2022 மார்ச், 1901-லிருந்து அதுவரை எடுத்த பதிவுகளில் பகல் வெப்பம் மிக அதிகமாக இருந்த மார்ச். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை மணி திரளும் நேரத்தில் அனல் அடித்து, மணிகள் சுருங்கிப்போயின. அந்த மே மாதம் நீங்கள் என்ன செய்தீர்கள்? சுருங்கிய, உடைந்த கோதுமைக்கான அளவை 6-லிருந்து 18 சதவீதமாக உயர்த்தினீர்கள், விலையில் ஒரு ரூபாய் பிடிக்காமல். சரியான முடிவு அது. வானம் செய்ததற்கு உழவரைத் தண்டிக்கக் கூடாது என்று நீங்களே ஒப்புக்கொண்ட முடிவு. அந்த நியாயத்தை ஒவ்வொரு தடவையும் கடிதம் எழுதி, குழு வரவழைத்துக் கெஞ்சிப் பெற வேண்டிய ஒன்றாக வைக்காமல் விதிக்குள்ளேயே எழுதிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அறுப்புக் காலத்தில் ஒரு வட்டாரத்தில் இத்தனை மில்லிமீட்டர் மழை பதிவானால் அன்றிலிருந்து இத்தனை நாளுக்கு இந்த அளவு என்று முன்கூட்டியே இருக்கட்டும். மழைமானி இருக்கிறது, கணக்கு தினமும் வருகிறது. எத்தனை மில்லிமீட்டர் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், எங்களுக்கு முன்னதாகத் தெரிந்தால் போதும். கூடவே கொள்முதல் நிலையங்களுக்குச் சுற்றிவரும் உலர்த்தி வண்டிகள் வேண்டும், கூரை போட்ட களம் வேண்டும். வெறும் தளர்வு மட்டும் கொடுத்து ஈர நெல்லை அப்படியே அடுக்கிவைத்தால் அது கிடங்கில் கறுத்துப்போகும், கடைசியில் அந்த அரிசியை ரேஷனில் வாங்கி உண்பதும் எங்கள் தெருக்காரர்கள்தான். அதனால் வெறும் தளர்வை நான் கேட்கவில்லை.

விஞ்ஞானிகளுக்கு: உங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அது சும்மா வாய் வார்த்தை இல்லை. சிஆர் 1009 என்ற நெல் ரகத்தில் வெள்ளம் தாங்கும் குணத்தைச் சேர்த்து, சிஆர் 1009 சப் 1 கொடுத்தீர்கள். எங்களுக்குப் பழகிய அதே ரகம், அதே அரிசி, பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தாலும் தழைக்கிறது. அந்தக் குணம் வந்தது ஒடிசாவின் ஒரு பழைய நாட்டு நெல்லிலிருந்து. வெப்பத்துக்கும் அப்படி ஒன்று ஏன் முடியாது? நாகினா 22 என்ற நம் நாட்டு நெல் பூக்கும் நேரத்து வெயிலைத் தாங்குவதில் உலகம் முழுக்க அறியப்பட்டது. குறுவைக்கு ஏற்ற குறுகிய கால ரகத்தில், இரவு வெப்பத்திலும் மணி கண்ணாடியாக முதிரும் குணத்தைக் கொண்டுவாருங்கள். இதுவரை வந்த ரகங்களின் துண்டறிக்கையில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வெப்பம் கூடிய வருஷத்தில் முழு அரிசி எவ்வளவு தேறியது என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள், நாங்கள் பார்த்து விதை வாங்குவோம்.

பாரம்பரிய ரகம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அரை ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன், பிடித்துத்தான் போடுகிறேன். ஆனால் ஆளுயரம் வளர்ந்து காற்றுக்குச் சாய்கிற பயிரை வைத்துக் கோடிக்கணக்கான ரேஷன் அட்டைக்கு அரிசி போட முடியாது. அந்த நெல்லுக்குள் இருக்கும் குணங்கள் நமக்கு வேண்டும், அதைப் பிரித்தெடுத்துத் தருவது உங்கள் வேலை.

கடைசியாக, எனக்கு அதிகமாகக் கவலை தரும் விஷயம். கண்ணால், நகத்தால், டார்ச்சால், மீட்டரால் எதனாலும் பார்க்க முடியாத தரம் ஒன்று இருக்கிறது. காற்றில் கார்பன் டைஆக்சைடு 1958-ல் பத்து லட்சத்தில் 315 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் எதிர்பார்க்கப்படும் அளவுக்கு, அதாவது 570, 590 வரை, வயலிலேயே குழாய் வைத்து அந்த வாயுவை விட்டு, சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் ரகங்களை வளர்த்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: புரதம் சராசரியாக 10 சதவீதம் குறைவு, இரும்பு 8, துத்தநாகம் 5 சதவீதம் குறைவு. பி1, பி2 வைட்டமின்கள் ஆறில் ஒரு பங்கு போய்விட்டன. ஃபோலேட், கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கிறோமே அது, 30 சதவீதம். கோதுமையிலும் இதே கதை. 2014-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் துத்தநாகம் 9 சதவீதம், புரதம் 6 சதவீதம் குறைந்திருந்தது. பயிர் மாவுச்சத்தை நிறையச் செய்துகொள்கிறது, மற்றது அதே வேகத்தில் வருவதில்லை. இலைத்துளைகள் பாதி மூடியே இருப்பதால் வேர் வழியாக ஏறும் தண்ணீரும் அதோடு வரும் தாதுக்களும் குறைகின்றன. கம்பு, சோளம், கேழ்வரகு வேறு வகையில் ஒளிச்சேர்க்கை செய்யும் பயிர்கள், அவற்றுக்கு இந்த அடி இவ்வளவு பலமாக விழாது. அவற்றை ரேஷனில் கூட்டுங்கள் என்று கேட்க இதுவும் ஒரு காரணம்.

எல்லா ரகமும் ஒரே அளவு இழக்கவில்லை என்பதுதான் அந்த 2018 ஆய்வில் எனக்கு நம்பிக்கை தந்த வரி. சில ரகங்கள் தாங்குகின்றன. அப்படியென்றால் தேடலாம், தேர்ந்தெடுக்கலாம்.

தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. எங்கள் தெருவில் மூன்று வேளையும் ரேஷன் அரிசிதான் சோறு என்று இருக்கும் வீடுகளை என்னால் ஒவ்வொன்றாகக் காட்ட முடியும். அந்த வீடுகளில் பருப்பும் முட்டையும் தினமும் வராது. பணம் உள்ளவர்களுக்கு அரிசியில் குறைவது வேறு பாத்திரத்தில் கிடைத்துவிடும். இவர்களுக்குக் கிடைக்காது. நீங்கள் 2021-ல் அறிவித்து, 2024 மார்ச்சுக்குள் ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்று செறிவூட்டிய அரிசியைக் கலந்தீர்கள். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 அதில் இருக்கிறது. ஆனால் புரதத்தை அப்படிக் கலக்க முடியாது, துத்தநாகம் கட்டாயப் பட்டியலில் இல்லை. கலக்காத அந்த 99 பங்கில் வருஷா வருஷம் என்ன குறைகிறது என்று யாராவது அளக்க வேண்டாமா? கொள்முதல் நிலையத்தில் ஈரத்துக்கு மாதிரி எடுக்கிறீர்கள். மாவட்டத்துக்குச் சில நூறு மாதிரிகளைச் சேர்த்து எடுத்து, புரதம், இரும்பு, துத்தநாகம், தீட்டினால் தேறும் முழு அரிசி, வெள்ளை வயிறு எத்தனை என்று பார்த்து, ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடுங்கள். பத்து வருஷம் கழித்துப் பார்க்க நம் கையில் ஒரு கணக்காவது இருக்கும்.

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். நாற்று விட்டு, நட்டு, செப்டம்பர் கடைசியில் முதல் அறுப்பு. மழை விதியையும் உலர்த்தி வண்டியையும் பற்றியாவது அதற்கு முன்னால் ஒரு பதில் சொல்லுங்கள். ரகமும் ஆய்வும் நாளாகும் என்று எனக்குத் தெரியும், அதற்குக் காத்திருக்கிறோம். இந்தப் புரட்டாசியில் குவியலுக்குள் கையை விட்டு அந்தச் சூட்டை இன்னொரு தடவை தொட்டுப் பார்க்க எங்களுக்குத் தெம்பில்லை.

அன்புடன்,
கடைமடையிலிருந்து ஒரு நெல் விவசாயி